முக்காலே மூன்று வீசம்



கணக்கு வகுப்புக்குக் கரும்பலகை வேண்டும் என்பார்கள். இன்று என்னிடம் கரும்பலகை இல்லை, சுண்ணக்கட்டியும் இல்லை, எதிரே ஓர் ஒலிவாங்கி மட்டுமே இருக்கிறது. ஆயினும் எடுத்துக்கொண்ட பொருளுக்குக் காதே போதும் என்று துணிந்து வந்திருக்கிறேன். பகுதிகள் வெவ்வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும் எங்ஙனம் என்பதே அப்பொருள். இஃது எண்களைப் பற்றியது என்பதைக் காட்டிலும் பெயர்களைப் பற்றியது என்பதே பொருந்தும். பெயர்களைக் காதால் கேட்டு அறியலாம் அல்லவா?

"வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்துவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய முழுவதும் முடிந்தது என்பது அதன் கருத்து. ஆனால் அந்தச் சொற்றொடர் வெறும் பேச்சு அன்று. அது ஒரு கூட்டற் கணக்கு. முக்கால் என்பது நான்கில் மூன்று. வீசம் என்பது பதினாறில் ஒன்று. ஆகவே 3/4-உடன் 3/16-ஐக் கூட்டச் சொல்கிறது அந்தத் தொடர். முக்காலைப் பதினாறில் பன்னிரண்டு என்று மாற்றிக்கொண்டால், பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. விடை 15/16. ஒரு வீசமே பாக்கி! பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தறியாத பாட்டிமார்களும் இந்தக் கணக்கை நாவில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இதே கணக்கைக் கண்டு மிரளுகிறார்கள். இந்த முரண்பாட்டைப் பற்றி நான் பல ஆண்டுகள் எண்ணியதுண்டு.

மிரளும் பிள்ளைகள் செய்வது என்ன? மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுகிறார்கள். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால், ஒன்றும் ஒன்றும் இரண்டு, மூன்றும் நான்கும் ஏழு, ஆகவே 2/7 என்று எழுதுகிறார்கள். இது தவறு என்று சிவப்பு மையால் கோடிடுவது எளிது. தவறு என்பதை அந்தப் பிள்ளையே காணும்படி செய்வதுதான் ஆசிரியர் வேலை. 2/7 என்பதை 2/6-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பண்டத்தை ஏழு கூறாக்கி இரண்டு கூறு எடுப்பதைவிட, ஆறு கூறாக்கி இரண்டு கூறு எடுப்பது பெரிது. 2/6 என்பதோ 1/3-க்குச் சமம். ஆகவே 2/7 என்பது 1/3-ஐவிடச் சிறியது! மூன்றில் ஒரு பங்கு கையில் இருந்தது. அதோடு இன்னும் நான்கில் ஒரு பங்கைச் சேர்த்தோம். சேர்த்த பிறகு கையில் இருப்பது முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. இப்படி ஒரு கூட்டல் உலகில் உண்டா?

இதை மண்ணில் வைத்துப் பார்ப்போம். நான் வாழ்வது விம்கோ நகரில். சென்னையின் வடபகுதியில் திருவொற்றியூரை அடுத்த தொழிற்சாலைப் பகுதி. இங்கும் சென்னை முழுவதும் வீட்டுமனையைக் கிரவுண்டு என்ற அளவால் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. ஒருவருக்குத் தந்தை வழியில் ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளையில்லாத சிற்றப்பா வழியில் அதே மனையில் நான்கில் ஒரு பங்கும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதற்பங்கு 800 சதுர அடி, இரண்டாவது 600, ஆக 1400 சதுர அடி. பத்திரத்தில் எவரேனும் 2/7 என்று எழுதிவிட்டால் அவருக்குக் கிடைப்பது 686 சதுர அடிக்கும் குறைவு. ஏறத்தாழ 714 சதுர அடி காணாமற் போகிறது. எங்கள் பகுதியில் அவ்வளவு இடத்தில் ஒரு குடும்பம் மாடியும் கட்டிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறது. கணக்கு ஏட்டில் ஒரு மதிப்பெண் போவது வேறு, குடியிருக்க வேண்டிய வீடு போவது வேறு.

சரி, 1400 என்பது 2400-இல் எத்தனை பங்கு? இரண்டையும் 200 சதுர அடிகொண்ட துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். மனை முழுவதும் 12 துண்டு. 800 சதுர அடியில் 4 துண்டு. 600 சதுர அடியில் 3 துண்டு. ஆக 12-இல் 7. இதுதான் 7/12. இங்கே நாம் செய்தது என்ன? மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் ஒட்டவைக்கவில்லை. இரண்டையும் மீதியின்றி அளக்கக்கூடிய ஒரு சிறு துண்டைத் தேடினோம். அது கிடைத்தவுடன் பின்னக் கணக்கு மறைந்து, நான்கும் மூன்றும் ஏழு என்ற ஒன்றாம் வகுப்புக் கணக்கு மிஞ்சியது.

பின்னத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைப் பகுதி என்றும், மேலே உள்ளதைத் தொகுதி என்றும் பாடநூல் சொல்கிறது. பகுதி என்பது எண்ணைப் போல எழுதப்படும் ஒரு பெயர் என்பேன். கூறு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்கிறது. தொகுதிதான் உண்மையில் எண்ணுவது. அத்தகைய கூறு எத்தனை என்பதைச் சொல்கிறது. முன்னாளில் அரிசி அளந்த முறையை நினைத்துப் பாருங்கள். அரைப்படிக்கு உரி என்றும், காற்படிக்கு உழக்கு என்றும், அரைக்காற் படிக்கு ஆழாக்கு என்றும் பெயர். ஓர் உரி அரிசியும் ஓர் உழக்கு அரிசியும் சேர்ந்தால் "இரண்டு" என்று எவரும் சொல்லமாட்டார். இரண்டு என்ன? இரண்டு உரியா, இரண்டு உழக்கா? ஆழாக்கால் அளந்தால் உரியில் நான்கு, உழக்கில் இரண்டு. ஆக ஆறு ஆழாக்கு. பெயர் ஒன்றானபின் எண்ணிக்கை தானே வருகிறது.

நான் ஆசிரியனாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன். அவன் தந்தை கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் தொழிலாளி. விடுமுறை நாள்களில் அவனும் உடன் செல்வான். 1/2-உடன் 3/8-ஐக் கூட்டும்படி பலகைக்கு அழைத்தேன். சற்றும் தயங்காமல் 4/10 என்று எழுதிவிட்டு நின்றான்.

"தம்பி, நான்கு நூல் கம்பியையும் மூன்று நூல் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொத்தம் எவ்வளவு தடிமன்?" என்று கேட்டேன்.

"ஏழு நூல், சார்."

"ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல்?"

"எட்டு, சார்."

"நான்கு நூல் என்றால் எவ்வளவு அங்குலம்?"

"அரை அங்குலம், சார்" என்றவன், பலகையைத் திரும்பிப் பார்த்தான். நான் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. தானே அழித்துவிட்டு 7/8 என்று எழுதினான். எழுதிவிட்டு, "இது அதுவா, சார்?" என்று கேட்டான்.

ஆம், இது அதுதான். நேயர்களில் சிலருக்கு நூல் என்ற அளவு புதிதாக இருக்கலாம். கொத்தனாரும் தச்சரும் கம்பி கட்டுபவரும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்கிறார்கள். அங்குலம் சட்டப்படி போய்விட்டது. கம்பிகள் இன்று மில்லிமீட்டரில் உருட்டப்படுகின்றன. ஆயினும் 10 மில்லிமீட்டர்க் கம்பி கடைத்தெருவில் இன்றும் மூன்று நூல் கம்பிதான். 12 மில்லிமீட்டர் நான்கு நூல், 16 மில்லிமீட்டர் ஐந்து நூல். அந்தச் சிறுவனுக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. தொழிலிடத்தில் அதற்குப் பெயர் இருந்தது. வகுப்பில் அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டு கோடு ஒன்றைக் கொடுத்திருந்தோம். இதே திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளில் அங்குல அளவுகோல் ஆட்சி செய்த நாளில், கோலின் ஒரு விளிம்பில் எட்டின் கூறுகளும், பிறவற்றில் பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கின் கூறுகளும் கோடிடப்பட்டிருக்கும். 3/8-உம் 5/16-உம் சேர்ந்தால் 11/16 என்று பிட்டர்கள் பென்சில் இல்லாமலே சொல்வார்கள். எட்டின் ஒவ்வொரு கூறும் பதினாறின் இரு கூறுகள் என்பது அவர்கள் கண்ணிலேயே பதிந்திருந்தது.

இனி நம் முன்னோர் வழிக்கு வருவோம். என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்றவர். அவருடைய கணக்கில் ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியும் உண்டு. அவற்றுள் மிகச் சிறியதாக அவர் சொன்னது முந்திரி. அஃது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. நான்கு முந்திரி ஒரு காணி, அஃதாவது 1/80. எட்டு முந்திரி அரைமா. பதினாறு முந்திரி ஒரு மா, அஃதாவது 1/20. இருபது முந்திரி ஒரு வீசம். நாற்பது அரைக்கால், எண்பது கால், நூற்று அறுபது அரை, இருநூற்று நாற்பது முக்கால். முந்நூற்று இருபது சேர்ந்தால் முழு ஒன்று.

ஏன் முந்நூற்று இருபது? நூறு என்றோ ஆயிரம் என்றோ வைத்திருக்கலாமே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. ஒன்றைப் பாதி பாதியாக அரிந்துகொண்டே போனால் அரை, கால், அரைக்கால், வீசம் என்று 2, 4, 8, 16 பகுதிகளாக வரும். மற்றொரு வழியில் ஐந்தும் பத்தும் இருபதுமாகப் பிரித்தால் நாலுமா, இருமா, மா என்று 1/5, 1/10, 1/20 வரும். இந்த இரு குடும்பங்களும் ஒரே கணக்கில் கலந்து வரும்போது இரண்டையும் மீதியின்றி அளக்கும் துண்டு வேண்டும். 64-ஐ ஐந்தால் பெருக்கினால் 320. பொதுப் பகுதியைக் கணக்குக்குக் கணக்கு தேடிக்கொண்டிராமல் மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! முக்காலும் நாலுமாவும் எவ்வளவு? 240 முந்திரியும் 64 முந்திரியும், ஆக 304. ஒன்றுக்கு 16 முந்திரி குறைவு, அஃதாவது ஒரு மா குறைவு. பாடநூல் முறையில் 3/4-உம் 1/5-உம் 19/20. இரண்டும் ஒன்றே.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சொல் மாகாணி. வீசத்துக்கு மறுபெயர் அது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20-உடன் 1/80-ஐக் கூட்டுங்கள்: 4/80-உம் 1/80-உம் 5/80, சுருக்கினால் 1/16. பகுதிகள் மாறுபட்ட இரண்டு பின்னங்களின் கூட்டலும் விடையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இத்தகைய சொல் பிற மொழிகளில் எத்தனை இருக்கும் என்று மொழியாராய்ச்சி செய்வோர்தாம் சொல்லவேண்டும்.

இவை ஏட்டளவில் நின்றவை என்று நினைக்க வேண்டா. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலம் வேலி, மா, காணி, முந்திரி என்று அளந்து எழுதப்பட்டிருக்கிறது. முந்திரியிலும் நுண்ணிய நிலம் வந்தபோது, முந்திரியையே மீண்டும் ஒன்றாகக் கொண்டு, கீழ் என்ற அடைமொழியிட்டு அதே பெயர்களைத் திரும்பவும் வழங்கினார்கள். கீழ்முந்திரி என்பது 320-ஐ 320-ஆல் பெருக்கினால் வரும் 1,02,400-இல் ஒரு பங்கு.  வரிக்கணக்கில் மீதி விடக்கூடாது என்ற உறுதி அந்தக் கணக்கர்களிடம் இருந்தது. இந்தப் பின்னக் குறிகள் 2019-ஆம் ஆண்டில் யூனிகோடு குறியீட்டில் இடம்பெற்றுக் கணினிக்குள்ளும் நுழைந்துவிட்டன. பள்ளிக்குள்தான் இன்னும் நுழையவில்லை.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுவது ஆசிரியனுக்கு அழகன்று. இந்த 320 ஓரிடத்தில் திணறுகிறது. 320-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 106, மீதி 2. மூன்றில் ஒரு பங்குக்கு முந்திரிக் கணக்கில் சரியான விடை இல்லை. 320-க்குள் இரண்டும் ஐந்தும் உண்டு; மூன்று இல்லை, ஏழு இல்லை. கீழ்முந்திரிக்குப் போனாலும் மூன்று அங்கே வந்துவிடாது. மீதி சிறிதாகுமே அன்றி ஒழியாது.

எங்கள் விம்கோ நகருக்கு அப்பெயர் வந்தது ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தார் 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியால். அந்தக் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இங்கே இருந்தது. தீப்பெட்டி வாணிகத்தில் எண்ணிக்கை குரோசு. பன்னிரண்டு டஜன், அஃதாவது 144 பெட்டி, ஒரு குரோசு. இதில் மூன்று இனிதாகப் பொருந்தும். குரோசில் மூன்றில் ஒன்று 48 பெட்டி. நான்கில் ஒன்று 36. ஆக 84 பெட்டி, ஏழு டஜன். பன்னிரண்டு டஜனில் ஏழு டஜன் என்பது நாம் மனைக்கணக்கில் கண்ட அதே 7/12! ஆனால் குரோசில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டால் 28 பெட்டி கொடுத்து, இருபத்தொன்பதாவது பெட்டியை உடைக்க வேண்டியதுதான். முந்திரிக்கு மூன்று ஒவ்வாது. குரோசுக்கு ஐந்து ஒவ்வாது.

நாணயத்திலும் இதே கதை. பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசு, ஆக 192 பைசு. 192-க்குள் மூன்று உண்டு. ஆகையால் ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு 64 பைசு, அஃதாவது ஐந்து அணா நான்கு பைசு என்று குறையின்றி வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தபோது, மூன்றில் ஒரு பங்கு மட்டுமன்றி, ஓர் அணாவும்கூட முழுதாக அடங்கவில்லை. அது ஆறேகால் நயா பைசா. முழு எண்ணாக்கவேண்டி ஓர் அணாவுக்கு 6 என்றும், மூன்று அணாவுக்கு 19 என்றும் மாற்று அட்டவணை வழங்கினார்கள். மூன்று முறை ஓர் அணாவாகக் கொடுத்தால் 18, ஒரே முறையில் மூன்று அணாவாகக் கொடுத்தால் 19. கடைகளில் இதனால் எழுந்த வாக்குவாதங்களை என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அன்று காசு கொடுத்தவர்களுக்குச் சிரிப்பு வந்திராது. தசம முறையால் வந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாப் பின்னங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் ஒரே பகுதியை எந்த அரசும் எந்த மொழியும் வகுத்துத் தர முடியாது என்பதையும் அந்த அணா காட்டிவிட்டது.

ஆகவேதான் ஒவ்வொரு கணக்குக்கும் உரிய பொதுப் பகுதியை அப்போதைக்கப்போது தேடும் வழியைக் கற்கிறோம். மீச்சிறு பொது மடங்கு என்பது அதுவே. கருநாட்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் என்னும் சமணக் கணித ஆசிரியர் தம்முடைய கணித சார சங்கிரகத்தில், பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொண்டுவர இந்த மீச்சிறு மடங்கைக் காணும் வழியை எழுதியிருக்கிறார். வடமொழியில் உள்ள அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, 1912-இல் சென்னை அரசாங்க அச்சகத்தார் வெளியிட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு, தாள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். 5/12-உடன் 7/18-ஐக் கூட்டவேண்டும். பன்னிரண்டின் மடங்குகளைச் சொல்லிக்கொண்டே போங்கள்: 12, 24, 36. நில்லுங்கள், 36 பதினெட்டுக்கும் மடங்கு. பன்னிரண்டை 36 ஆக்க மூன்றால் பெருக்கினோம். ஆகவே ஐந்தையும் மூன்றால் பெருக்க 15. பதினெட்டை இரண்டால் பெருக்கினோம். ஏழையும் இரண்டால் பெருக்க 14. ஆக 29/36. பகுதியை மட்டும் பெருக்கித் தொகுதியை விட்டுவிட்டால், துண்டைச் சிறிதாக்கிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் ஏமாற்றியதாகும். பன்னிரண்டையும் பதினெட்டையும் பெருக்கி 216 என்று வைத்துக் குறுக்குப் பெருக்கல் செய்தாலும் விடை வரும். 90-உம் 84-உம் 174, அதை ஆறால் சுருக்க 29/36. தவறில்லை, ஆனால் நூறு கொத்தனார் வேலையை ஊரைச் சுற்றி வந்து செய்வதாகும். குறுக்குப் பெருக்கலை முதலிலேயே கற்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை கையை ஆட்டுகிறான், கருத்து ஆடுவதில்லை. மூன்று பின்னங்கள் வந்தவுடன் எந்தக் குறுக்கில் பெருக்குவது என்று விழிக்கிறான்.

கழித்தலுக்குப் புது விதி ஏதும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் கால் இடறும். மூன்றேகாலிலிருந்து ஒன்றே மூன்றில் இரண்டைக் கழிக்கவேண்டும் என்று கொள்ளுங்கள். பன்னிரண்டின் கூறுகளாக்கினால், மூன்றும் 3/12-உம்; அதிலிருந்து ஒன்றும் 8/12-உம் போகவேண்டும். மூன்று கூறிலிருந்து எட்டுக் கூறு போகாது. முழு எண்ணில் ஒன்றை உடைக்கவேண்டும். இங்கேதான் பலர் கடன் வாங்கிய ஒன்றைப் பத்து என்று சேர்த்துவிடுகிறார்கள். முழு எண் கழித்தலில் அப்படிப் பழகிய பழக்கம். இங்கே உடைபடும் ஒன்று பன்னிரண்டு கூறாகவே உடையும். ஆகவே இரண்டும் 15/12-உம். அதிலிருந்து ஒன்றும் 8/12-உம் போக, ஒன்றும் 7/12-உம் மிச்சம்.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஒரு கணக்கை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். முக்காலே மூன்று வீசத்திலிருந்து நாலுமாவைக் கழிக்கவேண்டும். முதலில் முந்திரி வழியில் செய்யுங்கள்: 300 முந்திரியிலிருந்து 64 போக 236. அந்த 236-ஐ அரை, கால், அரைக்கால், வீசம், மா என்ற பெயர்களாகத் திரும்பவும் பிரித்துச் சொல்லுங்கள். பிறகு 15/16-இலிருந்து 1/5-ஐப் பாடநூல் முறையில் கழியுங்கள். இரண்டு விடையும் ஒன்றுதானா என்று வீட்டில் பெரியவர் எவரேனும் இருந்தால் அவரையும் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.